வளர்ச்சியின் காலப்பிரமாணம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெண்பிள்ளைகளின் பதின்பருவத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். என் ஒரே மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற மாதம் 14 வயது நிறைந்தது. உயரம் 146 செ.மீ.; வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். அவனைவிட மூன்று மாதம் இளையவனான என் தங்கை மகனுக்கு மீசை அரும்பி, குரலும் உடைந்துவிட்டது. இருவரையும் அருகருகே நிற்கவைத்து உறவினர்கள் பேசுகிற பேச்சைக் கேட்க முடியாமல், அவன் விசேஷ வீடுகளுக்கு வருவதையே விட்டுவிட்டான். ஆசையாகப் போய்வந்த கால்பந்துப் பயிற்சியும் நின்றுவிட்டது. சத்துமாவெல்லாம் கொடுத்துப் பார்த்தோம்; கம்பியில் தொங்கச் சொன்னோம். இப்போது தெரிந்தவர் ஒருவர், ஊசி போட்டால் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவான் என்கிறார். நானும் என் மனைவியும் குள்ளம் இல்லை. பள்ளியில் நானும் சிறியவனாகத்தான் இருந்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகே என் அண்ணனை எட்டிப் பிடித்தேன். இவனுக்கு என்ன குறை என்றே தெரியவில்லை.

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள நண்பருக்கு,

கல்லூரியில் சேர்ந்த பிறகே அண்ணனை எட்டிப் பிடித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்த வரி அதுதான். எந்த நோயும் இல்லாமல், பருவமாற்றம் மட்டும் தாமதமாகத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. ஆண்பிள்ளைகளின் பருவம் தாமதப்படுவதற்கு மிகப் பரவலான காரணம் இதுவே. அத்தகைய பிள்ளைகளின் தந்தையோ தாயோ தாமும் பிந்தி வளர்ந்தவர்களாக இருப்பது மிகச் சாதாரணம். உங்கள் மகனும் அப்படித்தான் என்று இங்கிருந்துகொண்டு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவனைப் பரிசோதிக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் ஒன்றுக்கான விடை உங்களிடமே இருக்கிறது.

பிரான்சில் மோன்பெய்யார் என்ற பிரபு, 1759-இல் பிறந்த தன் மகனின் உயரத்தை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதினெட்டு வயதை நெருங்கும் வரை அளந்து குறித்துவைத்தார். இயற்கை அறிஞர் புஃபோன் அந்தக் குறிப்புகளை வெளியிட்டார். ஒரே பிள்ளையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த பதிவுகளில் அதுவே மிகப் பழையது என்பார்கள். அந்த அளவுகளை ஆண்டுக்கு எத்தனை செ.மீ. என்ற கணக்கில் வரைந்து பார்த்தால், குழந்தைப் பருவம் முழுதும் தணிந்துகொண்டே வரும் வேகம் 14 வயதை ஒட்டித் திடீரென எழும்பி, பிறகு விழுந்துவிடுவது தெரியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த எழுச்சி வருகிறது. ஆனால் ஒருவனுக்கு 12 வயதிலும் இன்னொருவனுக்கு 16 வயதிலும் வருகிறது. பலருடைய அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது அந்தச் செங்குத்தான மேடு சரிந்து தட்டையாகிவிடுகிறது. ஆகவே சராசரிக் கோட்டின் மீது அடி பிசகாமல் நடந்துபோகும் பிள்ளை எங்குமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1890-களிலேயே இதைக் கண்டுகொண்டார். பின்னாளில் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் டேனர், பிள்ளைகளுக்கிடையே உள்ள இந்த வேற்றுமையைக் குறிக்க, போவாஸ் கையாண்ட ‘டெம்போ’ என்ற இசைச் சொல்லையே விரும்பி எடுத்துக்கொண்டார். பாட்டு நடக்கும் வேகத்தைக் குறிக்கும் அதற்கு நம் இசையில் உள்ள சொல் காலப்பிரமாணம். விளம்ப காலத்தில், அதாவது மெதுவாகப் பாடினாலும் கீர்த்தனையில் ஓர் அடிகூடக் குறைவதில்லை.

ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் பருவம் தொடங்கலாம். மூளையிலிருந்து வரும் தூண்டலால் விரைகள் பெரிதாவதே முதல் அடையாளம். அது பெற்றோர் கண்ணில் படுவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு உயர எழுச்சி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கோ நடுவழியில், பெண்பிள்ளைகளைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் பிந்தி வருகிறது. மீசை அதற்கும் பிறகு. எனவே மீசையைப் பார்த்துத் தொடக்கத்தைக் கணிப்பது தவறு. இன்னொன்றையும் சொல்லவேண்டும். எழுச்சிக்குச் சற்று முன்னால் வளர்ச்சி வேகம் மிகவும் தணிந்திருக்கும். பிந்தி வளரும் பிள்ளை இப்படித் தணிந்திருக்கும் அதே மாதங்களில்தான் அவன் வயதொத்தவர்கள் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது செ.மீ. வீதம் வளர்ந்துகொண்டிருப்பார்கள். தங்கை மகனோடு நிற்கும்போது உங்கள் மகன் அவ்வளவு சிறியவனாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ஊசியைப் பற்றி எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. அவர் சொல்வது எந்த ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனாக இருந்தால், அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது; எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடச் செய்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான். 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே ஈஸ்ட்ரோஜனுக்குச் செவிசாய்க்காத உடல் அவருடையது. 28 வயதில் 204 செ.மீ. உயரம், வளர்ச்சித் தட்டுகளோ இன்னும் மூடவில்லை. அளவும் காலமும் அறியாதவர் கையால் ஹார்மோன் ஏற்றினால், ஆறு மாதம் பிள்ளை மளமளவென்று வளர்வதுபோலத் தெரியும். அதற்குள் தட்டுகள் முன்கூட்டியே மூடத் தொடங்கி, அவன் இயல்பாக அடைந்திருக்கவேண்டிய உயரமே கைநழுவிப் போகக்கூடும். தக்க மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளுக்கு, 14 வயதுக்கு மேல், குறைந்த அளவில் சில மாதங்கள் மட்டும் இதே மருந்தைக் கொடுப்பதுண்டு. அது பரிசோதித்து, கணக்கிட்டு, கண்காணித்துச் செய்யப்படுவது. சத்துமாவாலும் கம்பியாலும் தீமை ஒன்றும் வந்துவிடாது. ஆனால் வயிறு நிறையச் சாப்பிடும் பிள்ளையின் பருவக் கடிகாரத்தை அவை நகர்த்தப்போவதில்லை.

14 வயது நிறைந்தும் பருவம் தொடங்காத ஆண்பிள்ளையை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதே பொதுவான வரையறை. உங்கள் மகன் அந்த எல்லையில்தான் நிற்கிறான். குழந்தைகள் நல மருத்துவரிடமோ, ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். பழைய உயர அளவுகள் ஏதேனும் இருந்தால் எடுத்துப் போங்கள். பருவத்துக்கு முந்திய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் ஐந்து செ.மீ. வளர்ந்து வந்திருந்தால் அது நல்ல செய்தி. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். 14 வயதுப் பிள்ளையின் எலும்பு 12 வயதுக்குரியதாக இருந்தால், அவன் வளர்வதற்கு இன்னும் காலம் மிச்சமிருக்கிறது என்று பொருள். விரைகளின் அளவை, மணிமாலைபோல் கோத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கூசிப்போவான். தைராய்டு, குடல் நோய், நாட்பட்ட ரத்தசோகை ஆகியவை உண்டா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். அவனுக்கு வாசனை தெரிகிறதா என்று கேட்டாலும் வியக்காதீர்கள். நுகர்வுணர்வு இல்லாமையோடு சேர்ந்து வரும் அரிய பருவக் குறைபாடு ஒன்று உண்டு.

உடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவே. அந்தப் பிள்ளையின் தனிமைதான் என்னை அதிகம் வருத்துகிறது. பெண் வயதுக்கு வந்தால் தண்ணீர் ஊற்றி, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். ஆனால் ஆண்பிள்ளையிடம் நாம் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணுக்குப் பேதை, பெதும்பை என்று பருவம் பிரித்ததுபோல ஆணுக்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று பிரித்தன. பெண்ணின் ஏழு பருவம் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆணின் பெயர்களைக் கேள்விப்பட்டவர்கள்கூடச் சிலரே. பள்ளி விளையாட்டிலும் பிறந்த தேதியை வைத்துத்தான் 14 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கிறார்கள். ஒரே அணியில் மீசைக்காரனும் பாலனும் மோத நேர்கிறது. கால்பந்தை விட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை உறவினர் வீட்டில் இருவரையும் சேர்த்து நிற்கவைக்க வந்தால், பெரியவர்களாகவே இருந்தாலும், அவன் காது கேட்கவே நீங்கள் மறுத்துப் பேசுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன், உங்கள் பள்ளிக் குழுப்படம் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். கல்லூரியில் எடுத்த படம் இருந்தால் அதையும். முதல் படத்தில் நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள், அப்போது உங்களை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்த வயதில் உங்கள் குரல் உடைந்தது, அண்ணன் சட்டை உங்களுக்கு எப்போது பொருந்தியது என்பதையெல்லாம் அவனிடம் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.