வாசகர் கேள்வி பதில்: பைக் ஓட்டுபவர்கள் ஏன் விதியை மீறுகிறார்கள்?

கேள்வி: வேலை நிமித்தம் வாரத்தில் பாதி நாள் நகரத்திலும் மீதி நாள் கிராமப்புறத்திலும் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் பைக் ஓட்டுபவர்கள் விதிகளைப் பொருட்படுத்துவதில்லை. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடும் தெரியவில்லை. இது வெறும் ஒழுக்கக் குறைவுதானா?

பதில்: ஒழுக்கக் குறைவு என்று சொன்னால் கேள்வி அத்துடன் முடிந்துவிடும், காரணம் மட்டும் தெரியாமலே இருக்கும். சிக்னலைத் தாண்டிப் பறக்கிறவரே அலுவலகத்தில் நேரம் தவறாதவராகவும், பிறர் பொருளைத் தொடாதவராகவும் இருப்பதைப் பார்க்கிறோம். அவரைச் சாலையில் மட்டும் வேறு ஆளாக்குவது என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

என் பார்வையில் முதல் காரணம், மீறல்களில் மிகப் பெரும்பாலானவை எந்தச் சேதமும் இல்லாமல் முடிந்துவிடுவதுதான். சிவப்பு விளக்கைத் தாண்டியவருக்கு ஒரு நிமிட லாபம் அந்த நொடியே கிடைத்துவிடுகிறது. நஷ்டமோ என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். பலமுறை தப்பித்தவர் அதைத் தம் கைத்திறமை என்று நம்பத் தொடங்குகிறார். உண்மையில் அத்தனை முறையும் குறுக்கே வேறு வண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

நகரத்தில் இதோடு வண்டியின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. நின்றுவிட்டால் பைக் தானாக நிற்காது. கால் ஊன்றித் தாங்க வேண்டும். பெரிய வாகனங்களுக்கு நடுவே நிற்பவர் முன்வண்டியின் புகையையும் தம் எஞ்சினின் சூட்டையும் தாங்கிக்கொண்டு, பின்னால் வருபவர் பிரேக் பிடிப்பாரா என்ற அச்சத்தோடும் நிற்கிறார். கார்காரர் நுழைய முடியாத இடைவெளி அவர் கண்ணுக்கு வழியாகத் தெரிகிறது. நெளிந்து முன்னே போகிறார். நிறுத்தக் கோட்டையும் தாண்டி ஜீப்ரா கிராஸிங்கின் மேல் போய் நிற்கிறார். ஒருவர் நின்றால் பின்னால் பத்துப் பேர் வந்து சேர்கிறார்கள். பாதசாரிகள் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு கடக்க வேண்டியதாகிறது. பச்சை விழ இன்னும் மூன்று விநாடி இருக்கும்போதே அந்த வரிசை மொத்தமும் நகர்ந்துவிட, காத்து நிற்கும் ஒரே ஒருவருக்குப் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள். விதியை மதிப்பவர் இடைஞ்சலாகத் தெரியும் சாலையில் விதி அதிக நாள் உயிரோடு இருக்காது.

இந்த நெருக்கடியைச் சில இடங்களில் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தைவானில் சிக்னல்களில் கார்களுக்கு முன்னால் இருசக்கர வாகனங்கள் நிற்பதற்கென்று கட்டம் வரைந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், இரு வாகன வரிசைகளுக்கு இடையே பைக் செல்வதை 2016-இல் சட்டத்தில் சேர்த்தது. ஆகவே எல்லா மீறலும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆனால் சிவப்பில் பாய்வதையும், நடைபாதையில் ஏறி ஓட்டுவதையும், எதிர்த்திசையில் வருவதையும் எந்த நெருக்கடியைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது. கொண்டுசேர்க்கும் பொட்டலங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய கூலியில் கழிகிறது. அவர்களிடம் அபராதம் வாங்கும் அரசு, அந்தக் கூலி முறையை வகுத்தவர்களையும் கேள்வி கேட்க வேண்டும்.

கிராமப்புறத்தில் நிலைமையே வேறு. அங்கே நெரிசலும் இல்லை, அவசரமும் குறைவு. சாலை காலியாகக் கிடப்பதுதான் அங்கே தூண்டுகோல். தினமும் போய்வரும் வழி என்பதால், எந்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தமக்குத் தெரியும் என நினைக்கிறார்கள். தெரிந்தது வளைவுதான், அதற்கு அப்பால் அன்றைக்கு நின்றிருக்கும் டிராக்டர் தெரிவதில்லை. பேருந்து அரிதாக வரும் இடத்தில் ஒரே வண்டியில் மூன்று பேர், நான்கு பேர் ஏறுகிறார்கள். இதில் திமிரைவிட இல்லாமைக்குத்தான் பங்கு அதிகம்.

நாற்கரச் சாலை ஓரத்தில் குடியிருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் கண்ணெதிரே தெரியும் இடத்துக்குப் போக, சென்டர் மீடியனில் இடைவெளி வரும்வரை சில கிலோமீட்டர் போய்த் திரும்பிவர வேண்டும் என்றால், அவர் ஓரமாக எதிர்த்திசையிலேயே போய்விடுகிறார். அவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே ஒரு கார் 80-இல் வந்தால், இரண்டும் நெருங்கும் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 33 மீட்டர். 300 மீட்டர் தொலைவில் கண்டுகொண்டால்கூட, நேருக்கு நேர் வருவதற்கு ஒன்பது விநாடிதான் இருக்கிறது. இரவில் ஒற்றை விளக்கு மட்டும் தெரியும்போது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கணிப்பதற்கே அதில் பாதி போய்விடும்.

நகரத்து மீறல்கள் எண்ணிக்கையில் அதிகம் என்றாலும் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் நடப்பவை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதாலும், மருத்துவமனை தொலைவில் இருப்பதாலும், கிராமத்துச் சாலையில் ஒரே ஒரு தவறு உயிரைப் பறித்துவிடுகிறது.

கேள்வி: அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தினால் எல்லாரும் அடங்கிவிட மாட்டார்களா?

பதில்: அபராதம் தேவைதான், ஆனால் அதன் அளவைவிட, மாட்டுவோம் என்ற உறுதிதான் மனிதரைத் தடுக்கிறது. தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே குற்றத்தைக் குறைக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் சேசரே பெக்காரியா 1764-லேயே வாதிட்டார். போலீசார் எந்த முனையில் நிற்பார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தால், அதற்குச் சற்று முன்னால் ஹெல்மெட் தலைக்கு ஏறும், தாண்டியதும் கைக்கு இறங்கும்.

வியட்நாமைப் பாருங்கள். அங்கே முன்பு சில சாலைகளில் மட்டும் கட்டாயமாக இருந்த தலைக்கவசம், 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் கட்டாயமாக்கப்பட்டது. முன்கூட்டியே அறிவித்து, இடைவிடாமல் கண்காணித்ததால், குறுகிய காலத்திலேயே பெரும்பாலான ஓட்டுநர்கள் அணியத் தொடங்கினார்கள். ஆனால் தொடக்கத்தில் குழந்தைகளுக்காக அபராதம் விதிக்கத் தெளிவான வழி இல்லாததால், தாமே கவசம் அணிந்த பெற்றோர் பலரும் குழந்தையை வெறுந்தலையோடு அழைத்துச் சென்றார்கள். சட்டம் தொட்ட இடத்தில் மட்டுமே பழக்கம் மாறியது என்பது என்னைக் கலங்கவைக்கிறது.

சாலையின் அமைப்பும் மாற வேண்டும். மலேசியாவில் 1970-களிலேயே ஒரு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். எதிர்த்திசையில் வருபவர்களைப் பிடிக்க ஆள் நிறுத்துமுன், மீடியனில் பாதுகாப்பான திருப்பம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கேள்வி: கார் ஓட்டுபவர்கள் மீறுவதே இல்லையா?

பதில்: தாராளமாக மீறுகிறார்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981-இல் வெளியான ஆய்வு, பைக்கும் வேறு வாகனமும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், முதலில் செல்லும் உரிமை பைக்குக்கு இருந்தும் மற்ற வாகன ஓட்டுநரே அதை மதிக்காமல் விபத்துக்குக் காரணமானதாகக் கண்டது.

கேள்வி: கல்லூரி செல்லும் என் மகன் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறான். கேட்டால், “பக்கத்துலதானம்மா” என்கிறான். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகத் தெரிந்திருக்கிறது. தாடைப் பட்டையைப் போடாவிட்டால் மோதிய வேகத்தில் கவசம் கழன்று தனியே போய்விடும் என்பதையும் சொல்லுங்கள். விபத்தைச் சொல்லி மிரட்டினால் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. தமக்கு நடக்காது என்றே நினைப்பார்கள். வண்டியின் சாவியைக் கொடுப்பதற்கே, பட்டை போட்ட ஹெல்மெட்டை நிபந்தனையாக வையுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் மற்றவர்களுக்கும் அதே நிபந்தனை இருக்கட்டும். இன்னொன்று: அவர் வழியில் இருக்கும் நேரத்தில் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அம்மாவின் அழைப்பு என்றால் ஒரு கையால் போனை எடுக்கத்தான் செய்வார். போய்ச் சேர்ந்ததும் அவரே அழைக்கட்டும்.