அப்பா ஏன் எழும்பிப் போனார்?

கேள்வி: எனக்கு 38 வயது. மனைவி, பிள்ளைகள், அப்பாவுடன் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். தங்கை கனடாவில். சனிக்கிழமை இரவுகளில் எல்லோருமாகப் படம் பார்ப்போம். தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நல்ல மேற்கத்தியப் படங்களை ரசிக்க மாட்டார். அண்மையில் அந்தனி ஹொப்கின்ஸ் நடித்த ‘தி ஃபாதர்’ போட்டேன். நான் அழுதுவிட்டேன். அவரோ அரை மணித்தியாலத்தில், “பெத்த தகப்பனை விட்டிட்டுப் போகப் போறாள், இதெல்லாம் ஒரு படமோ” என்று எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமை ‘மெய்யழகன்’ படத்தை முழுவதுமாகப் பார்த்து, மறுநாளும் போடச் சொன்னார். இரண்டு பேர் விடிய விடியக் கதைப்பதில் என்ன இருக்கிறது? பிடிவாதக்காரர், யாரையும் நம்பவும் மாட்டார். போன மாதம் வங்கிப் புத்தகத்தைக் காணவில்லை என்று என் மனைவியைச் சந்தேகப்பட்டார். கடைசியில் அது அவருடைய தலையணை உறைக்குள் இருந்தது. தங்கை அழைத்தாலும் இரண்டு வார்த்தையோடு போனை என்னிடம் தந்துவிடுவார். இவருடைய ரசனையை எப்படி மாற்றுவது?

பதில்: தம்பி, ரசனையைப் பற்றி இத்தனை வரி எழுதிய நீங்கள், தலையணை உறையை ஒரே வரியில், அதுவும் அவருடைய குணத்துக்கு அத்தாட்சியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த வரியைத்தான்.

நீங்கள் அழுததாகச் சொல்லும் அந்தப் படத்தில், ஹொப்கின்ஸ் தன்னுடைய கைக்கடிகாரத்தை ஒளித்து வைத்த இடத்தைத் தானே மறந்துவிட்டு, பராமரிக்க வந்த பெண் திருடிவிட்டாள் என்று சாதிக்கிறார் அல்லவா? அந்தக் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மகள் பாரிசுக்குப் போகப் போவதாகச் சொல்வதும் அப்போதுதான். உங்கள் தகப்பனார் இரண்டையும் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டுத்தான் எழும்பியிருக்கிறார். திரையில் கடிகாரத்தைத் தேடும் கிழவருக்காகக் கண்ணீர் விட்ட மகனுக்கு, அதே சோபாவில் பக்கத்தில் இருந்தவர் போன மாதம் வங்கிப் புத்தகத்தைத் தேடியது நினைவுக்கு வரவில்லை என்றால், அந்தப் படத்தை விளங்கிக்கொண்டவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் படத்தை நானும் மதிக்கிறேன். ஃப்ளோரியன் செல்லர் தான் எழுதிய நாடகத்தையே 2020இல் படமாக்கினார். அதற்காக ஹொப்கின்ஸ் தமது 83ஆவது வயதில் ஒஸ்கார் வாங்கினார். வீட்டின் தளபாடங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறுவதும், மகளென்று சொல்லிக்கொண்டு வேறொரு முகம் வந்து நிற்பதும், மறதியை வெளியில் நின்று பார்க்க விடாமல் அந்த மனிதரின் தலைக்குள்ளேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. 38 வயதில் அது நமக்குக் கலை. தன் நினைவு நழுவுவதை ஒருவேளை தானே உணரத் தொடங்கியிருக்கும் ஒருவரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளோடு இருத்தி வைத்து அதைக் காட்டுவதைக் கொடுமை என்றுதான் சொல்வேன், தெரியாமல் செய்த கொடுமையாக இருந்தாலும்.

இனி ‘மெய்யழகன்’. பிரேம்குமாரின் அந்தப் படம் சில இடங்களில் இழுபடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2024 செப்டம்பரில் வெளியான பிறகு ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள், அது நியாயமும்தான். ஆனால் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வரும் அரவிந்த்சாமியை ‘அத்தான்’ என்று அழைத்து, விழுந்து விழுந்து உபசரித்து, தன் வீட்டிலேயே தங்க வைக்கிறார் கார்த்தி. வந்தவருக்கோ அந்த மனிதரின் பெயர் நினைவில் இல்லை, கேட்கவும் கூச்சம். இரவு முழுவதும் அந்தக் கூச்சத்தோடு கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, விடியும்போது சொல்லாமலே போய்விடுகிறார். பெயர் மறந்துபோன ஒருவர் மீதும் அன்பு குறையாமல் இருக்கும் ஒரு கதையை உங்கள் அப்பா மறுநாளும் போடச் சொல்லியிருக்கிறார். காலமெல்லாம் பெயரும் விலாசமும் பார்த்துக் கடிதம் பிரித்தவர், மகளோடு இரண்டு வார்த்தைக்கு மேல் கதைக்காமல் போனை நீட்டுகிறாரே, ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நான் வைத்தியர் இல்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வயதானவர்களின் மறதியை ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று சிரித்துவிட்டு விடும் வழக்கம் எனக்குக் கட்டோடு பிடிக்காது. விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, குடிக்கும் மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் இப்படியான மறதி வரும். இவற்றில் பலவற்றை மருந்தாலோ மருந்தை மாற்றுவதாலோ சீராக்கலாம். காது மந்தமானவரும் போனில் கதைப்பதைத் தவிர்ப்பார். முன்பு தனியாகக் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தவர் என்றால் இப்போதும் போகிறாரா, பஸ்ஸில் வந்து இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறாரா, மிச்சக் காசை எண்ணி வாங்குகிறாரா என்று, அவருக்குத் தெரியாமல் இரண்டு கிழமை கவனித்து எழுதி வையுங்கள். பிறகு அந்தக் குறிப்போடும் அவர் குடிக்கும் மருந்துகளோடும் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அவரைக் கூட்டிப் போங்கள். பிரஷர் பார்க்கப் போவதாகச் சொன்னால் போதும். அதையும் பார்க்கத்தானே போகிறார்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். வேலைக்கு லீவு போட்டு நீங்களே போக வேண்டும், மனைவியை அனுப்பக் கூடாது.

அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமனார் வாயால் கள்ளி என்று கேட்டவர் அவர். புத்தகம் கிடைத்த பிறகு நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கே சொல்லுங்கள். நாளைக்கு அப்பாவைக் குளிப்பாட்டவோ சாப்பாடு ஊட்டவோ வேண்டி வந்தால், அதை மருமகளின் தலையில் கட்டிவிட்டுப் பெற்ற மகன் முன்னறையில் படம் பார்க்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. தகப்பனைப் பார்ப்பது முதலில் மகனின் கடமை. மருமகள் செய்வதெல்லாம் அவருடைய பெருந்தன்மை.

ஆகவே ரசனையை மாற்றும் வேலையை விட்டுவிடுங்கள். சனிக்கிழமைப் படத்தை இனி அவரே தெரிவு செய்யட்டும். பார்த்ததையே மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்காமல் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். தங்கைக்கும் எதையும் மறைக்க வேண்டாம். அவர் அழைக்கும்போது, “நான் ஆரெண்டு தெரியுதோ அப்பா?” என்று பரீட்சை வைக்காமல், தன் பெயரைத் தானே முதலில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கச் சொல்லுங்கள்.