வேரும் வேகமும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதப் பேச்சில் பெரியாரையும் தமிழ் முரசு இதழை நடத்திய கோ. சாரங்கபாணியையும் ‘ரேடிக்கல்’ என்றீர்கள். செய்தியில் இளையர்கள் ‘சுயதீவிரவாதப் போக்கு’ என்று கைதாகும்போதும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வருகிறது. எப்படி இரண்டும் ஒன்றாகும் என்று என் மகன் கேட்கிறான்.

– சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். அந்தச் சொல்லின் மூலம் லத்தீன் ‘ராடிக்ஸ்’, அதாவது வேர். முள்ளங்கியின் ஆங்கிலப் பெயரும் அதே குடும்பம். தமிழுக்குக் கொண்டுவந்தபோது வேரை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ‘தீவிரம்’.

1838இல் இங்கிலாந்தின் சாசன இயக்கத்தார், அன்று ‘ரேடிக்கல்’ எனப்பட்டவர்கள், ஆறு கோரிக்கைகள் வைத்தார்கள். எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, ரகசிய வாக்களிப்பு, இப்படி. ஆள்பவர்கள் நடுங்கினார்கள். ஆண்டுதோறும் தேர்தல் என்பதைத் தவிர மற்ற ஐந்தும் பின்னாளில் சட்டமாயின.

சரி, நம் ஊர்க் கதை. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. 1935இல் சாரங்கபாணியின் தமிழ் முரசு, விலை ஒரு காசு. சாதியை எதிர்த்து எழுதியதோடு நிற்காமல் அவர் ஒரு பெரனாக்கான் (தலைமுறைகளாக இங்கே வேரூன்றிய) சீனப் பெண்ணை மணந்துகொண்டார். தீமிதியைச் சீர்திருத்தக்காரர்கள் எதிர்த்தார்கள். அதில் அவர்கள் பாச்சா பலிக்கவில்லை, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் இன்றும் பூக்குழி இறங்குகிறார்கள்.

ஆனால் எனக்குச் சாரங்கபாணியிடம் மிகவும் ரேடிக்கலாகத் தெரிவது வேறொன்று. ‘இன்னும் நாலு வருசம், அப்புறம் ஊருக்குப் போய்விடலாம்’ என்று இருந்தவர்களிடம் 1950களில் அவர் இங்கேயே குடியுரிமை எடுக்கச் சொன்னார். நம் ஊர் எது என்ற கேள்வி அது. அதற்கு மேடையில் கத்த வேண்டியதில்லை, விண்ணப்பத்தை நிரப்பினால் போதும்.

2020 டிசம்பரில் இங்கே பிடிபட்ட 16 வயது மாணவனை நினைத்துப் பாருங்கள். இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டவன். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் பலரைச் சுட்டுக் கொன்றவனைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொண்டான். அவனாக ஒரு கேள்வியும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொருவனின் வெறுப்பு, தயாராகக் கிடைத்தது. அதற்குத் ‘தீவிரவாதம்’ பொருத்தமான சொல்தான்.

சாரங்கபாணிக்குத்தான் சொல் இல்லை. ‘அடிவேர்ச் சிந்தனையாளர்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாட்டு மருந்துக்கடை வாடை அடிக்கிறது. வேறு கிடைக்கும்வரை ‘ரேடிக்கல்’ என்றே எழுதிக்கொள்கிறேன்.