வாசகர் கேள்வி பதில்: ஜெர்மனியில ரெசிடென்ஸ் கார்டு தொலைஞ்சுட்டா?

கேள்வி: அக்கா, நான் ப்ளூ கார்டுல, அதான் படிச்சவங்களுக்குக் குடுக்குற வேலை அனுமதியில, வேலை பாக்குறேன், வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன வெள்ளிக்கிழமை ஃப்ராங்க்ஃபர்ட் ஸ்டேஷன்ல கூட்டத்துல யாரோ என் ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறந்து பர்ஸை அடிச்சுட்டாங்க. ஏடிஎம் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு, ரெசிடென்ஸ் கார்டு எல்லாமே அதுலதான். பாஸ்போர்ட் நல்லவேளையா வீட்ல இருக்கு. மூணு வாரத்துல தங்கச்சி கல்யாணம், டிக்கெட் போட்டாச்சு. வேலைக்குப் போகலாமா, ஊருக்குப் போகலாமா, போனா திரும்பி உள்ள விடுவாங்களா? ரெண்டு நாளா தூக்கமே இல்லக்கா.
- பெயர் வேண்டாம், ஃப்ராங்க்ஃபர்ட்

பதில்: முதல்ல கொஞ்சம் தண்ணி குடிமா. உனக்குக் குடுத்த அனுமதி அப்படியே இருக்கு, அது வெளிநாட்டவர் அலுவலகத்துல, அதான் நாம அவுஸ்லெண்டர்பெஹோர்டேன்னு நாக்கு சுளுக்கிக்கிற ஆபீஸ்ல, உன் பேர்ல பதிவாகி இருக்கு, பர்ஸைத் தூக்கிட்டுப் போனவனால அதை ஒண்ணும் பண்ண முடியாது. அதனால தாராளமா வேலைக்குப் போ. போனதும் ஹெச்ஆர்கிட்ட விஷயத்தைச் சொல்லி உன் கார்டோட காப்பியை வாங்கிக்கோ. நீ வேலையில இருக்கிற வரைக்கும் அந்தக் காப்பியை கம்பெனி வெச்சிருக்கணும்னு இங்க சட்டமே இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது.

எனக்கும் இது நடந்திருக்கு. ரயில்ல பையை மேல வெச்சுட்டு அசந்து தூங்கிட்டேன், டிக்கெட் செக்கர் வந்து எழுப்பினப்ப நிமிர்ந்து பாத்தா மேல வெறும் கம்பிதான் இருக்கு. எப்படியும் யாராவது எடுத்துக் குடுத்திருப்பாங்கன்னு நம்பி நாலு நாள் தொலைஞ்ச பொருள் ஆபீசுக்கு போன் மேல போன் போட்டுட்டே இருந்தேன். அந்த நாலு நாள் வீணாப் போனதுதான் எனக்கு இன்னைக்கும் வருத்தம், ஏன்னா கார்டு தொலைஞ்சா உடனே தெரிவிக்கணும்ங்கறது நம்ம கடமை, விதியிலயே இருக்கு. நீ அப்படிக் காத்திருக்காத.

இன்னைக்கே கார்டுகளை முடக்குற நம்பர் 116 116-க்கு போன் பண்ணு. பெரும்பாலான பேங்க் கார்டை அதுலயே முடக்கிடலாம், ரெசிடென்ஸ் கார்டு சிப்புல ஆன்லைன் அடையாள வசதியை நீ ஆன் பண்ணியிருந்தா அதையும் அங்கயே முடக்கலாம். அதுக்கு ஒரு பாஸ்வேர்டு கேப்பாங்க, கார்டு வந்த சமயத்துல பின் நம்பரோட தபால்ல வந்துச்சே அந்த லெட்டர்ல இருக்கும், தேடி எடுத்து வெச்சுட்டு போன் பண்ணு. அடுத்தது போலீஸ். பெரிய ரயில்வே ஸ்டேஷன்லயே ஃபெடரல் போலீஸ் ஆபீஸ் இருக்கும், இல்லன்னா ஆன்லைன்லயும் புகார் குடுக்கலாம். புகார்ல ரெசிடென்ஸ் கார்டுன்னு தனியா எழுதியிருக்கான்னு பாரு, வெறும் பர்ஸ் திருட்டுன்னு போட்டா ஆபீஸ்ல திருப்பிக் கேள்வி கேப்பாங்க. ஏடிஎம் கார்டுக்கு கூனோங்கற முடக்கமும் போலீஸ்கிட்டயே போடச் சொல்லு, ஏன்னா 116 116-ல முடக்கின கார்டை வெச்சும் பின் நம்பர் இல்லாம வெறும் கையெழுத்துல கடையில பொருள் வாங்க முடியும், அதைத் தடுக்கறது போலீஸ் மூலமா போற இந்த கூனோதான்.

அப்புறம் புகார் காப்பி, பாஸ்போர்ட், ஹெச்ஆர் குடுத்த காப்பி எல்லாத்தையும் சேர்த்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அன்னைக்கே மெயில் போடு. அப்பாயின்ட்மென்ட் எப்ப கெடைச்சாலும் பரவாயில்ல, இந்தத் தேதியில நான் தெரிவிச்சுட்டேன்னு உன் கையில ஒரு ஆதாரம் இருக்கணும். புதுக் கார்டுக்கு 67 யூரோ. விரல் ரேகை மறுபடி எடுப்பாங்க, 2025 மே மாசத்துலேர்ந்து போட்டோவும் டிஜிட்டல்தான், பழைய பேப்பர் போட்டோவை எடுத்துட்டுப் போய் நிக்காத. கார்டு பெர்லின்ல இருக்கிற அரசு அச்சகத்துல அடிச்சு வரணும், வாரக்கணக்குல ஆகும்.

இப்ப கல்யாணம். கையில ஒண்ணும் இல்லாம மட்டும் கிளம்பிடாதம்மா, கெஞ்சிக் கேக்குறேன். இங்கேர்ந்து போறப்ப பெரும்பாலும் தடுக்க மாட்டாங்க, திரும்பி வர்றப்பதான் ஏர்லைன் கவுண்டர்லயே நிறுத்திடுவாங்க, போன்ல இருக்கிற போட்டோவை எவ்வளவு காட்டினாலும் ஏத்த மாட்டாங்க. டிக்கெட்டையும் பத்திரிகையையும் மெயில்ல வெச்சு, பாஸ்போர்ட்ல ஒட்டுற ஸ்டிக்கர் பெர்மிட் குடுக்க முடியுமான்னு கேளு. ரொம்பக் கஷ்டமான சூழ்நிலைக்கு அதைக் குடுக்கலாம்னு குடியிருப்புச் சட்டம் 78ஏ பிரிவுல இருக்கு. கல்யாணத்தை அந்த அளவுக்கு எடுத்துப்பாங்களாங்கறது அந்த அதிகாரி முடிவு, ஆனா கேக்காம யாரும் தர மாட்டாங்க. வேற ஏதாவது தற்காலிகப் பேப்பர் குடுத்தா, இதை வெச்சு வெளிநாடு போயிட்டுத் திரும்பி வரலாமான்னு அங்கயே நேரடியாக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிடு. உன் கார்டு சீக்கிரமே முடியப்போகுதுன்னா நீட்டிப்புக்கும் இப்பவே போட்டுடு, அதுக்கு முடிவு வர்ற வரைக்கும் குடுக்குற ஃபிக்ட்சியோன்ங்கற தற்காலிகப் பேப்பரோட உள்பக்கத்துல எந்தக் கட்டத்துல கிராஸ் போட்டிருக்காங்கன்னு பாரு. அதே சட்டத்தோட 81-வது பிரிவு உட்பிரிவு 4-ன்னா பொதுவா போயிட்டு வரலாம், ஆனா முடிஞ்ச பழைய கார்டையும் கூடவே காட்டணும், உன்கிட்ட அது இல்லாததால என்ன பண்றதுன்னு அலுவலகத்துலயே கேட்டுக்கோ; 3-ன்னா அதை நம்பிப் போகக் கூடாது. ஒரு கட்டத்துல இருக்கிற சின்ன கிராஸ்தான், அதைப் பாக்காமப் போய் ஊர்ல மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க.

கேள்வி: என் மகன் ஜெர்மனியில மாஸ்டர்ஸ் படிக்கிறான். லீவுக்கு சென்னை வந்த இடத்துல பர்ஸோட கார்டைத் தொலைச்சுட்டான். பாஸ்போர்ட் இருக்கு. எப்படித் திரும்பிப் போறது?
- ஒரு அம்மா, சென்னை

பதில்: அம்மா, உடனே போலீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்கிடுங்க. அப்புறம் சென்னையில இருக்கிற ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு எழுதணும், திரும்பிப் போக அவங்ககிட்டதான் விசா கேக்கணும், அவங்க தம்பி இருக்கிற ஊர் அலுவலகத்துல விசாரிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. தம்பியையும் அந்த அலுவலகத்துக்குத் தனியா ஒரு மெயில் போடச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் தெரிஞ்சா வேலை நகரும். பழைய டிக்கெட் தேதியை நம்பாதீங்க, யூனிவர்சிட்டிக்கும் முன்கூட்டியே சொல்லிடட்டும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: பொதுவா ஆறு மாசத்துக்கு மேல ஜெர்மனிக்கு வெளிய இருந்துட்டா அந்த அனுமதியே காலாவதி ஆயிடும், இழுத்துட்டே போச்சுன்னா அதுக்கு முன்னாடியே அலுவலகத்துல எழுதிக் கேட்டு அவகாசம் வாங்கணும்.

கேள்வி: தொலைஞ்சதுன்னு சொல்லிட்டேன், இப்ப பழைய ஜாக்கெட் பாக்கெட்லயே கார்டு இருக்கு. யூஸ் பண்ணலாமா?
- வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: வேணாம்பா. கிடைச்சதையும் உடனே சொல்லணும்ங்கறதுதான் விதி. தொலைஞ்சதுன்னு பதிவான கார்டு ஐரோப்பா முழுக்க பார்டர் சிஸ்டத்துல ஏறியிருக்கலாம், நீங்க அதை நீட்டினா அங்கயே பிடுங்கி வெச்சுட்டு உங்களை உக்கார வெச்சு விசாரிப்பாங்க. இன்னைக்கே அலுவலகத்துக்கு மெயில் போட்டுட்டு, புதுக் கார்டு வாங்கப் போறப்ப பழசை மறக்காம எடுத்துட்டுப் போங்க.