கருவாட்டுக் களத்தின் மேல் பழி

கேள்வி: மண்டபத்தில் கடலோரப் பாதையில் பல வருஷமாக மாலை நடை போகிறேன். இப்போது கருவாட்டுக் களத்தின் நாற்றம் தாங்கவில்லை. களத்தை ஒட்டிய சிறுபாலத்தைத் தாண்டும்போது அழுகிய முட்டை போலக் குடலைப் புரட்டுகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில்கூடக் குறையவில்லை. இவ்வளவு வீடுகள் வந்துவிட்ட இடத்தில் இன்னும் களம் எதற்கு? அகற்றச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாதா?

பதில்: எழுதலாம். ஆனால் களம் குற்றவாளி இல்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி சொல்கிறதே!

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். காரலும் சங்காயமும் களத்தில் குவிய வழியில்லை. சங்காயம் நாறும், ஒத்துக்கொள்கிறேன். கோழித் தீவனத்துக்கென்று உப்புக்கூடப் போடாமல் வெயிலில் பரப்புகிற பொடிமீன் மணக்கவா செய்யும்? ஆனால் அது ட்ரைமெத்திலமைன் வாடை, மீன் கெடும்போது வருவது. நீங்கள் சொல்லும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டும் வேறு வேறு ஆள்.

இந்த இரண்டாவது ஆள் பிறப்பது சேற்றில். ஒரு லிட்டர் கடல்நீரில் இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது. அதோடு சாக்கடைக் கசடு சேர்ந்து, ஓட்டமில்லாமல், காற்றுப் புகாமல் தேங்கினால் போதும்; அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டை இந்த வாயுவாக மாற்றிவிடும். காற்று அடங்கும் வேளையில் அது கலையாமல் நிற்கும், நீங்கள் நடக்கப் போகும் வேளையும் அதுதான். வாடைக்காற்றில் கரை ஒதுங்கி அழுகும் கடல்புல்லிலும் இதே நாற்றம் வரும். அது சில வாரத்தில் போய்விடும், கரை மணலையும் பிடித்துவைக்கும்; அதை விட்டுவிடுங்கள். வருஷம் முழுக்க ஒரே இடத்தில் அடித்தால் பாலத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். புது வீடுகளின் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்றும் பாருங்கள். உங்கள் வீட்டுக் குழாயையும் சேர்த்துத்தான்.

கருவாட்டுக் குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டுக்கும் பசிக்கிற ஊர் இது. அங்கே கருவாடு காயப்போடும் பெண்களை மட்டும் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பச் சொல்வது என்ன நியாயமோ! களத்துக்கு நல்ல தளமும், மணல் ஒட்டாமல் மீன் காயவைக்க உயரமான பந்தலும், கழுவத் தண்ணீரும் கேளுங்கள். பாதி நாற்றம் அதிலேயே போகும்.

சாக்கடைக்கு மனு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். முதல் கையெழுத்தைக் களத்துப் பெண்களிடம் வாங்குங்கள். அந்தப் பாலத்தை நீங்கள் ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடுகிறீர்கள். அவர்கள் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.