கண்ணாடியோடு ஒட்டிப்போன தாத்தா படம்

வணக்கம். சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி நாடகத்தில் பின்திரையில் காட்டலாம் என்று எடுத்து வைத்த படம், தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் படம், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பிய்க்காதீர்கள்! படத்தின் மேற்பூச்சில் இருப்பது ஜெலட்டின் என்ற பசைப்பொருள். நம்மூர் ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தாத்தா முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்க, ஸ்கேனரில் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுங்கள். மங்கலாக வந்தால் கைப்பேசியே போதும். ஃபிளாஷ் கூடாது. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் உங்கள் பிரதிபலிப்பு படத்தில் விழாது. ஓரத்துக் கறையை அழிக்காதீர்கள், மேடையில் அதுவும் அழகுதான். அப்புறம், அசல் படத்தை ஈரச் சுவரில் மறுபடி மாட்ட வேண்டாம்.