பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்து ஐரோப்பாவில் எங்கே, எப்படிக் குடியேறலாம்?

கேள்வி: "பல வருடம் லண்டனில் வேலை பார்த்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டேன். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இந்தப் பாஸ்போர்ட்டை வைத்து ஐரோப்பிய நாடு ஒன்றில் குடும்பத்தோடு தங்க முடியுமா? எது எளிய வழி?"

முடியும். வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர் என்றால் முதலில் அயர்லாந்தைப் பாருங்கள். மற்ற நாடுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நானும் சென்னையிலிருந்து பிரிட்டனுக்கு வந்து, குடியுரிமை வாங்கி, பிறகு டப்ளினுக்கு மாறியவன். இந்த வழியைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் போர்ச்சுகல், ஸ்பெயின் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே பொதுப் பயணப் பகுதி என்ற ஏற்பாடு 1920களிலிருந்தே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பதற்கு முன்பே வந்தது என்பதால் பிரெக்ஸிட் அதைத் தொடவில்லை. 2019 மே மாதம் இரண்டு அரசுகளும் அதை எழுத்திலும் உறுதி செய்துகொண்டன. பிரிட்டிஷ் குடிமகன் விசா இல்லாமல், வேலை அனுமதி இல்லாமல் டப்ளினில் இறங்கி மறுநாளே வேலையில் சேரலாம். கடை வைக்கலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இது குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். ஐஎல்ஆர் (பிரிட்டனில் காலவரையின்றித் தங்கும் அனுமதி) வாங்கிக்கொண்டு இந்திய பாஸ்போர்ட்டிலேயே இருப்பவர்களுக்கு இந்த உரிமை கிடையாது.

அயர்லாந்தில் ஐந்து வருட வசிப்பு சேர்ந்தால் ஐரிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி ஒரு வருடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த வருடத்தில் வெளிநாட்டில் கழிக்க 70 நாள் வரை விடுகிறார்கள். அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் மொத்தம் நான்கு வருடம் இருந்திருந்தால் போதும். விண்ணப்பக் கட்டணம் 175 யூரோ, ஏற்றுக்கொண்டபின் சான்றிதழுக்கு 950 யூரோ. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைத் துறக்க வேண்டாம். ஐரிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் பாரிஸோ பெர்லினோ, ஒன்றியத்தின் எந்த ஊரிலும் உரிமையோடு வாழலாம்.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. மற்ற வெளிநாட்டவருக்கு அயர்லாந்தில் பதிவு அட்டையும் பாஸ்போர்ட்டில் முத்திரையும் உண்டு. ஐந்து வருடம் இங்கே இருந்ததற்கு அந்த அட்டைகளே சாட்சி. பிரிட்டிஷ் குடிமகனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அதனால் அவர் கையில் எந்தச் சாட்சியும் சேர்வதில்லை. விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் 150 புள்ளி வரும்படி ஆவணங்கள் காட்டச் சொல்வார்கள்: வங்கிக் கணக்கு விவரம், வரித்துறை தரும் வருடாந்திரச் சம்பள விவரம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண பில் இந்த மாதிரி. ஆகவே வந்த மாதத்திலிருந்தே ஒரு கோப்பு போட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மின்கட்டணம் மனைவி பெயரிலும் இணைய இணைப்பு உங்கள் பெயரிலும் இருந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு ஆவணம் தேறும். நண்பர் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, எந்த பில்லும் தன் பெயரில் இல்லாமல் முதல் வருடத்தைக் கழித்தவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள்.

டப்ளினில் உண்மையான தலைவலி வீடு. வாடகை லண்டனோடு போட்டி போடுகிறது, கிடைப்பதும் கடினம். வேலை கையில் இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் கார்க், லிமெரிக், கால்வே பக்கமும் பாருங்கள்.

தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், அது வட அயர்லாந்தாக இருந்தாலும், அங்கே போய் வசிக்காமலேயே வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்து ஐரிஷ் குடிமகன் ஆகலாம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஏராளமான ஆங்கிலேயர்கள் போன வழி இது. நம்மவர்களில் கலப்பு மணக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒருமுறை குடும்ப மரத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது திருமணம். லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்குப் பாரிஸிலும் ஜெர்மனியிலும் சம்பந்தம் இருப்பது சாதாரணம், அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒன்றியக் குடிமகன் ஒருவர் தன் சொந்த நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டில் வாழ்ந்தால், அவருடைய துணைக்கு 2004ஆம் ஆண்டு ஐரோப்பியச் சட்டம் நேரடியாக வதிவிட உரிமை தருகிறது. விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் அட்டை தர வேண்டும், பொதுவாக அது ஐந்து வருடம் செல்லும், வேலையும் செய்யலாம். ஆனால் பிரெஞ்சு குடியுரிமை உள்ள மாப்பிள்ளை பிரான்சிலேயே இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டப்படி துணை விசா எடுக்க வேண்டும். அதே மாப்பிள்ளை பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்தால் ஐரோப்பியச் சட்டம் வந்துவிடும். எந்த ஊரில் குடித்தனம் என்பதை முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

ஜெர்மனியில் பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அமெரிக்கா, கனடா, ஜப்பான் முதலிய சில நாட்டவரைப் போல, முன்கூட்டி விசா எடுக்காமல் போய் இறங்கி, அங்கேயுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்கான ஒப்பந்தம் வேண்டும், அனுமதி வரும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. 2024 ஜூன் 27 முதல் அங்கே ஐந்து வருடத்தில் குடியுரிமை கேட்கலாம், பழைய குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு அயர்லாந்துக்கு அடுத்தபடி நான் சொல்வது இதைத்தான். ஜெர்மன் மொழியை இப்போதே படிக்க ஆரம்பியுங்கள், குடியுரிமைக்கு அது கட்டாயம்.

ஓய்வு பெற்றவர்களின் கதை வேறு. ஸ்பெயினில் வேலை செய்யாமல் தங்குவதற்கான விசாவுக்கு, ஒரு நபருக்கு மாதம் 2,400 யூரோ, கூட வரும் துணைக்கு இன்னும் 600 யூரோ வருமானம் காட்ட வேண்டும். பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியம் 2025-26இல் வாரத்துக்கு 230.25 பவுண்ட். கணவன் மனைவி இருவருக்கும் முழுத் தொகை வந்தாலும் மாதம் 2,000 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அது 3,000 யூரோவைத் தொடாது. தனியார் ஓய்வூதியமோ சேமிப்போ இருந்தால்தான் நடக்கும். ஓய்வூதியம் போன்ற வருமானத்தில் வாழ்பவர்களுக்கான போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அளவுகோல் அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம். 2025இல் அது 870 யூரோ, துணைக்கு அதில் பாதி. அரசு ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் தம்பதிக்கு எட்டுவது இதுதான். ஆனால் அங்கே குடியேற்ற அலுவலகத்தில் லட்சக்கணக்கான கோப்புகள் தேங்கிக் கிடந்தது ஊரறிந்த செய்தி, பொறுமை வேண்டும். பிரான்சில் வருகையாளர் விசா உண்டு. ஓரளவு வருமானம் காட்டி, வேலை செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓய்வூதியக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவுக்குத் திரும்பினால் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் அப்படியே உறைந்துவிடும், வருடாந்திர உயர்வு கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாழ்ந்தால் உயர்வு தொடரும். எஸ்1 படிவம் பெற்றால் அங்கேயுள்ள மருத்துவச் செலவையும் பிரிட்டன் ஏற்கும். முதுமையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு வாங்கினால் குடியுரிமை என்று சொல்லி வரும் ஏஜென்டுகளை நம்பாதீர்கள். ஸ்பெயின் தன் கோல்டன் விசாவை (முதலீடு செய்தால் வதிவிட அனுமதி தரும் திட்டம்) 2025 ஏப்ரல் 3இல் மூடிவிட்டது. போர்ச்சுகல் 2023 அக்டோபரிலேயே வீட்டு முதலீட்டை நீக்கிவிட்டது. அயர்லாந்தும் முதலீட்டாளர் திட்டத்தை 2023இல் நிறுத்திவிட்டது. கிரீஸில் இன்னும் இருக்கிறது, ஏதென்ஸ் போன்ற இடங்களில் 8 லட்சம் யூரோ. பிரான்சில் சொந்த வீடு வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களுக்குத் தானாகவே நீண்டகால விசா தரும் பிரிவு ஒன்று குடியேற்றச் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் அரசியல் சாசன மன்றம் அதைத் தள்ளிவிட்டது. எனவே வீடு உங்களுடையதாக இருந்தாலும், விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 90. 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள், அதனால் கூடுதலாகத் தங்கினால் தெரியாமல் போகாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். "குடும்பத்தோடு" என்கிறீர்கள், மனைவி எந்த பாஸ்போர்ட் என்று சொல்லவில்லை. அவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் பொதுப் பயணப் பகுதி உரிமை அவருக்கு வராது. 2021 ஜனவரியிலிருந்து, பிரிட்டிஷ் குடிமகனின் துணையாக அயர்லாந்தில் வாழ வருபவர் நாட்டுக்கு வெளியிலிருந்தே அதற்கான நீண்டகால விசாவை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் வருமானச் சான்று, திருமணச் சான்றிதழ், சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். அவரும் சீக்கிரமே பிரிட்டிஷ் குடியுரிமைக்குத் தகுதி பெறப் போகிறார் என்றால், அது கிடைத்தபின் இருவரும் சேர்ந்து கிளம்புவது நல்லது. அவசரம் என்றால் இப்போதே லண்டனிலிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள். விசா வந்தபிறகு வீட்டைக் காலி செய்தால் போதும்.